பரண் ஒழிக்கும் இழை: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

பரண்பூனை (சத்துவாச்சாரி)

மாமனார் கட்டிய வீட்டுக்கு இந்த வருஷம் வெள்ளையடிக்கப் போகிறோம். அதற்கு முன்னால் பரண், படிக்கட்டுக்குக் கீழே உள்ள மூலை, மொட்டை மாடி அறை எல்லாம் காலியாக வேண்டும். அதனால்தான் இந்த விவாத இழை.

ஜப்பானின் மரி கொண்டோவைப் பற்றி இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். பொருளைக் கையில் எடு, மனசுக்குச் சந்தோஷம் தருகிறதா என்று பார், தந்தால் வை, இல்லாவிட்டால் நன்றி சொல்லி அனுப்பு. அறை அறையாக இல்லாமல் வகை வகையாகச் செய்யச் சொல்கிறார். முதலில் துணி, அப்புறம் புத்தகம், காகிதம், சமையலறை உட்பட மற்ற சில்லறைச் சாமான், கடைசியில்தான் நினைவுப் பொருள். துணி வரைக்கும் எனக்கு இது அருமையாக வேலை செய்தது. வீட்டில் இருந்த அத்தனை நைட்டியையும் ஒரே கட்டிலில் கொட்டிப் பார்த்தால்தான் தெரிகிறது, எவ்வளவு அநியாயம் என்று.

பாத்திரத்துக்கு வந்ததும் முறை படுத்துவிட்டது. பரணிலிருந்து இறங்கிய எவர்சில்வர் ஒவ்வொன்றிலும் பேர் வெட்டியிருக்கிறது. தூக்கில் மாமியார் பேரும் கல்யாணத் தேதியும். தாம்பாளத்தில் என் அம்மாவின் இனிஷியல். குடத்தில் என் கணவரின் அத்தை வீட்டார் பேர். இதில் எதைக் கையில் எடுத்து "எனக்குச் சந்தோஷமா" என்று கேட்பது? அந்தத் தூக்கு எனக்கு ஒன்றும் தரவில்லை. மாமியாருக்குத் தருகிறது. ஓரகத்திக்கோ, அது தன் பங்குக்கு வரவில்லையே என்ற மனத்தாங்கலைத் தருகிறது. தனியாகச் சம்பாதித்துத் தனியாக வாங்கித் தனியாக இருக்கிறவர்களுக்கு அந்தக் கேள்வி சரி. நம் வீட்டுப் பரணில் இருப்பதில் பாதி நம்முடையதே கிடையாது, யாரோ நம்மை நம்பி விட்டுவைத்தது.

கையில் இருப்பவை: பித்தளை அண்டா, தவலை, ஈயச்சொம்பு, பேர் போட்ட எவர்சில்வர் ஒரு மலை, பட்டுப்புடவைகள், ஒரு டிரங்குப் பெட்டி நிறைய காகிதம், கல்யாண வீடியோ கேசட், பழைய டி.வி., பிரிக்காத கல்யாணப் பரிசுகள், ஆட்டுக்கல். உங்கள் வீட்டில் எப்படி முடிவு செய்தீர்கள், சொல்லுங்கள்.

முள்ளுக்கத்திரி (அணைக்கட்டு)

அக்கா, முதலில் அந்த மரி கொண்டோ அம்மாவின் கதையை முழுசாகச் சொல்லுங்கள். மூன்றாவது குழந்தை பிறந்த பிறகு வீட்டை அப்படி வைத்திருக்கும் முயற்சியை ஏறக்குறைய விட்டுவிட்டேன் என்று 2023இல் அவரே சொல்லிவிட்டார். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை, அதற்குப் பிறகுதான் அவர்மேல் எனக்கு மரியாதையே வந்தது.

என் கருத்து: பேர் போட்டிருக்கிறது என்பதற்காக வைத்துக்கொண்டால் பரண் நிரம்பத்தான் செய்யும். நம் ஊரில் வீட்டுக்குள் பொருள் வருவதற்கு ஆயிரம் வழி இருக்கிறது, போவதற்கு ஒரு வழியும் இல்லை. சீர் வரும், வளைகாப்புக்கு வரும், காதுகுத்துக்கு வரும், கிரகப்பிரவேசத்துக்கு வரும். அரசாங்கமும் தன் பங்குக்குக் கொடுக்கும். 1983இல் ஆரம்பித்த பொங்கல் வேட்டி சேலை, 2006க்கு அப்புறம் கலர் டி.வி., 2011க்கு அப்புறம் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. எங்கள் தெருவில் அந்த மின்விசிறி பெட்டியோடு தூங்கும் வீடு இன்னும் இருக்கிறது. கேட்டால் "பொண்ணு கல்யாணத்துக்கு ஆகும்" என்பார்கள். பெண் இப்போது ஓசூரில் ஏ.சி. போட்டுத் தூங்குகிறாள்.

வேறொன்று. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் என்ற மூவர் 1990இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களில் பாதிப் பேருக்கு காப்பிக் கோப்பை கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில், கோப்பை கையில் இருந்தவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, இல்லாதவர்கள் வாங்கத் தயாராக இருந்த விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதே கோப்பை, அதே கல்லூரி. நம் கையில் இருக்கிறது என்பதே அதன் விலையை ஏற்றிவிடுகிறது. சும்மா கிடைத்த கோப்பைக்கே அப்படி என்றால், மாமியார் பேர் போட்ட தூக்குக்கு எவ்வளவு ஏறும், நீங்களே சொல்லுங்கள்.

பரண்பூனை

தம்பி, கோப்பையில் மாமியார் பேர் வெட்டிக் கொடுத்து அந்தச் சோதனையைத் திரும்பச் செய்யட்டும், அப்புறம் பேசலாம்.

ஆம்பூர்_அடிப்பாகம்

நான் ஷூ கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் வீட்டுக்கு ஓர் ஆளாவது தோல் ஆலையிலோ ஷூ கம்பெனியிலோ இருப்பார். அதனால் எங்கள் வீடுகளில் சேரும் பொருளே வேறு: ஏற்றுமதியில் கழிந்த ஷூ. கம்பெனி விலைக்குக் கிடைக்கிறது என்று அப்பாவுக்கு ஒன்று, மச்சானுக்கு ஒன்று, பையன் வளர்ந்தால் ஆகும் என்று இரண்டு.

எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. லேசான, மெத்தென்ற அடிப்பாகம் பெரும்பாலும் பாலியூரித்தேன். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உள்ளுக்குள்ளேயே சிதையும். பெட்டியில் பத்திரமாக வைத்தாலும் சிதையும். சொல்லப்போனால் போட்டு நடந்த ஷூ அதிக நாள் தாங்குகிறது. சும்மா வைத்தது சில வருஷம் கழித்து எடுத்துப் போட்டால், பஸ் ஸ்டாண்ட் போவதற்குள் குதிகால் பிட்டுப் பிட்டாக உதிரும். மேல்தோல் புதுசாகப் பளபளவென்று இருக்கும், அடியில் ஒன்றும் இருக்காது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சண்டைக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் "அப்புறம் ஆகும்" என்று ஷூவை எடுத்து வைக்கவே வைக்காதீர்கள். இன்றைக்கு யார் காலுக்குச் சரியாக இருக்கிறதோ அவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஆரணித்தறி

ஆம்பூர் அண்ணன் சொன்னது பட்டுக்கும் பொருந்தும். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நெசவு. (ஆரணி இப்போது திருவண்ணாமலை மாவட்டம்தான், ஆனால் எங்கள் தாத்தா கடைசி வரை வட ஆற்காடு என்றுதான் எழுதுவார். என்னை இந்த இழையிலிருந்து விரட்டாதீர்கள்.)

பீரோவில் மடித்து வைத்த பட்டு, மடிப்பிலேயே வெடிக்கும். ஜரிகை என்பது உலோகம். ஒரே இடத்தில் வருஷக்கணக்காக மடங்கியிருந்தால் அங்கேதான் முறியும், கூடவே பட்டு இழையும் அறும். கல்யாணத்தன்று கட்டிவிட்டு மகள் கல்யாணத்துக்கு எடுக்கலாம் என்று வைத்தவர்கள், பிரிக்கும்போது மடிப்பு மடிப்பாகக் கோடு விழுந்திருப்பதைப் பார்த்து அழுதிருக்கிறார்கள். சில மாதங்களுக்கு ஒரு தடவை எடுத்து, நிழலில் ஆறவிட்டு, மடிப்பை மாற்றி வையுங்கள். பழைய பருத்தி வேட்டியில் சுற்றுங்கள், பாலிதீன் கவரில் போடாதீர்கள். அந்துருண்டை ஜரிகைமேல் படக்கூடாது. வசம்புத் துண்டோ காய்ந்த வேப்பிலையோ துணியில் முடிந்து ஓரமாக வைத்தால் போதும்.

விற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "பழைய பட்டுப்புடவை வாங்குறது" என்று கூவிக்கொண்டு வருபவருக்குப் புடவை தேவையில்லை, ஜரிகையில் உள்ள வெள்ளிதான் தேவை. ஓரத்தில் ஜரிகை இழை ஒன்றைப் பிரித்து நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் பெரும்பாலும் அசல் ஜரிகை: பட்டு நூல்மேல் வெள்ளி சுற்றி, அதற்குமேல் தங்க முலாம். செம்பு தெரிந்தாலோ, வெறும் வெள்ளை நூல் தெரிந்தாலோ அதற்குப் பெரிய விலை கிடைக்காது, வீட்டிலேயே குழந்தைக்குப் பாவாடை தைத்துவிடுங்கள். அசல் என்றால் வாசலில் நிற்பவரிடம் கொடுக்காமல், இரண்டு கடையில் எடை போட்டு விசாரித்துக் கொடுங்கள்.

ஆயா_பேத்தி (விரிஞ்சிபுரம்)

பாவாடை தைப்பதைப் பற்றி: எங்கள் ஆயாவின் அரக்குப் புடவை முந்தானை நைந்துபோனது. அம்மா அதன் உடம்பை வெட்டி எனக்கும் சித்தி மகளுக்கும் பாவாடை தைத்தாள். மிச்சத்தில் பூஜை அறைக்குத் திரை. ஆயா ஒன்றும் சொல்லவில்லை, பாவாடையைக் கட்டிக்கொண்டு வந்தபோது மட்டும் "கரை நேரா இல்ல" என்றார். புடவையாகவே வைத்திருந்தால் அது இன்னும் பீரோவில்தான் இருந்திருக்கும்.

முள்ளுக்கத்திரி

எல்லாம் சரி, போகி எதற்கு இருக்கிறது? பழைய பாய், துடைப்பம், முறத்தோடு மிச்சத்தையும் கொளுத்திவிட்டால் வேலை முடிந்தது.

பரண்பூனை

பாய், முறம் எரிந்த காலத்தில் சரி. இப்போது ரெக்சின் பையும் டயரும் பிளாஸ்டிக் நாற்காலியும்தான் எரிகின்றன. போகி காலையில் எங்கள் தெருவில் மலையே தெரிவதில்லை, மூச்சுத்திணறல்காரர் ஒருவர் எதிர்வீட்டில் இருக்கிறார். இந்த யோசனை வேண்டாம்.

கோட்டைமைனா (ஓய்வு, வேலப்பாடி)

காகிதப் பெட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. சந்தோஷமா என்று கேட்டுக் கழிக்கக்கூடாத ஒரே பொருள் அதுதான். ஒரு மூலப்பத்திரம் யாருக்கும் சந்தோஷம் தந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் அது இல்லாதபோது தெரியும்.

முதலில், எந்த மாவட்டத்தின் பேர் போட்டிருக்கிறது என்று பார்த்துப் பிரியுங்கள். இது நான் கண்டுபிடித்த சுலப வழி. "வட ஆற்காடு மாவட்டம்" என்று மட்டும் இருந்தால் 1989 செப்டம்பருக்கு முந்தையது. அந்த மாதம் 30ஆம் தேதிதான் மாவட்டம் இரண்டாகப் பிரிந்து, நம் பக்கம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டமும், அந்தப் பக்கம் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டமும் வந்தன. பிற்பாடு நம்முடையது வேலூர் மாவட்டம் ஆயிற்று. 2019 நவம்பரில் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று இன்னும் இரண்டு பிரிந்தன. ஆகவே வாலாஜாப்பேட்டையில் ஒரே இடத்தில் அசையாமல் கிடக்கும் ஒரு மனைக்கு, நான்கு மாவட்டப் பேரில் காகிதம் இருக்கலாம். "இது நம்ம மாவட்டமே இல்லை, பழசு" என்று பிள்ளைகள் தூக்கிப் போட்டுவிடுவார்கள். பழசுதான் முக்கியம்.

வைக்க வேண்டியவை: மூலப்பத்திரம் தொடங்கி வரிசையாக எல்லாப் பத்திரமும், பழைய பட்டா, சிட்டா, பாகப்பிரிவினைப் பத்திரம், உயில், இறப்பு மற்றும் வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கடன் அடைத்ததற்கான ரசீதும் அடமான ரத்துப் பத்திரமும். அசல் தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார், பத்திரிகை விளம்பரம், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று என்று அலைய வேண்டும். பதிவான பத்திரத்தின் நகல் சார் பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் வீட்டை வாங்க வருபவரும் வங்கியும் அசலைத்தான் கேட்பார்கள்.

லேமினேஷன் செய்யாதீர்கள். சூடு பட்டால் பழைய காகிதமும் மையும் முத்திரையும் கெடும், பிரிக்கவும் முடியாது. துணி ஒட்டிய கவர் போதும். தரையில் வைக்காமல் உயரத்தில் வையுங்கள். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது, கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டி வைத்திருந்த வீடுகளில் என்ன நடந்தது என்று கரையோரத்துக்காரர்கள் சொல்வார்கள்.

தாராளமாகக் கழிக்கலாம் என்பவை: கரண்ட் பில், கேஸ் ரசீது, காலாவதியான வாரண்டி அட்டை, மடிக்கணினிக்கு முந்தைய காலத்துப் பள்ளி நோட்டு, எல்லாருடைய கல்யாணப் பத்திரிகையும். பத்திரிகையை மஞ்சள் தடவியது என்பதால் பழைய பேப்பர் கடையில் போட மனசு வராது என்றால், சாமி படம் உள்ள பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம்.

ஒரு_மருமகள்

பேர் சொல்லவில்லை, மன்னிக்கவும். என் மாமியார் தயிர் டப்பா, பால் கவர், ஸ்வீட் பாக்ஸ், அறுந்த செருப்பு எதையும் வெளியே விடமாட்டார். இப்போது அவர் அறையில் கட்டிலுக்குப் போக ஓர் ஆள் நடக்கும் வழிதான் இருக்கிறது. அவர் ஊருக்குப் போகும்போது எல்லாவற்றையும் காலி செய்துவிடலாம் என்கிறார் என் கணவர். செய்யலாமா?

பாகாயம்_வெள்ளையுடுப்பு

வேண்டாம் தங்கை. நான் மனநலப் பிரிவில் செவிலியராக இருந்தவள். பால் கவரைக் கழுவிச் சேர்த்து விற்பது சிக்கனம். அதற்கும் நோய்க்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது: கட்டிலில் படுக்க முடியவில்லை, அடுப்பில் சமைக்க முடியவில்லை, ஒன்றை எடுத்தால் அவருக்குத் தாங்க முடியாத பதற்றம் வருகிறது என்றால், அது பொருள் சேர்க்கும் நோயாக இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 2013 முதல் அது தனி நோயாகவே இருக்கிறது. சோம்பேறித்தனம் இல்லை, கஞ்சத்தனமும் இல்லை.

அவர் இல்லாத நேரத்தில் காலி செய்தால், திரும்பி வந்ததும் உங்கள்மேல் இருக்கும் நம்பிக்கை போகும், சேர்ப்பது இன்னும் கூடும். ஒரு கேள்வி: இது எப்போதிலிருந்து? இளவயது முதலே என்றால் ஒரு மாதிரி. நன்றாக இருந்தவர் வயதான பிறகு திடீரென்று ஆரம்பித்தார் என்றால், மறதி நோயின் தொடக்கமாகக்கூட இருக்கலாம், மருத்துவர் ஒருமுறை பார்ப்பது நல்லது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் இங்கே பாகாயத்திலேயே இருக்கிறது. அதுவரை வழியில் காலில் இடறுவதை மட்டும், அவரையே உட்காரவைத்து, அவர் கையாலேயே நகர்த்தச் சொல்லுங்கள். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அது பெரிய பாடு.

ஒரு_மருமகள்

மாமனார் போன பிறகுதான் ஆரம்பித்தது. நன்றி அக்கா. உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.

தவலைவடை (கொணவட்டம்)

பித்தளைக்கு வருகிறேன். பரண்பூனை அக்கா, அண்டாவையும் தவலையையும் எடைக்குப் போடாதீர்கள். லாங் பஜாரில் பழைய பித்தளைக்கு ஒரு விலை, புதுப் பித்தளைக்கு ஒரு விலை, நடுவில் கழிவு. அதைக் கொடுத்து இதே கனத்தில் ஒன்று திரும்ப வாங்க முடியாது.

ஆனால் சும்மா வைக்கவும் வேண்டாம். ஈயம் பூசினால் நாளைக்கே சமைக்கலாம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். புளியோ தயிரோ பட்டால் பச்சையாகக் களிம்பு ஏறும், அதற்குத்தான் உள்ளே ஈயப் பூச்சு. போன மாதம் எங்கள் தெருவில் ஈயம் பூசுகிறவர் வந்தார். மண்ணில் சின்னக் குழி, அதில் கரி, பக்கத்தில் கையால் சுற்றும் துருத்தி. தவலையைப் புளியும் மண்ணும் போட்டுத் தேய்த்து, கவிழ்த்துக் காயவைத்து, நெருப்பில் திருப்பித் திருப்பிக் காட்டினார். சரியான சூடு வந்ததும் நவச்சாரத் தூளை ஒரு சிட்டிகை உள்ளே வீசினார். குப்பென்று வெள்ளைப் புகை. அடுத்த நொடி ஈயக் கம்பியால் உள்ளே இரண்டு கோடு இழுத்து, பஞ்சு உருண்டையால் ஒரு சுழற்று. மஞ்சளாக இருந்த உள்பக்கம் நம் கண் முன்னாலேயே வெள்ளியாக மாறியது. பூசும் இந்த வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், அதனால்தான் அத்தனை வேகம். நின்று பார்த்த பையன்கள் ஸ்கூல் வேனை விட்டுவிட்டார்கள்.

கவனிக்க வேண்டியது: பூசுவது வெள்ளீயமா என்று கேளுங்கள். காரீயம் கலந்ததைப் பூசினால் அது விஷம். விலை குறைத்துச் சொல்கிறார் என்றால் சந்தேகப்படுங்கள். உங்கள் ஈயச்சொம்புக்கும் இதே விதி. அது நல்ல வெள்ளீயம்தானா என்று தெரிந்தவரிடம் காட்டிவிட்டு ரசம் வையுங்கள். வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் அடி ஒழுகிவிடும், தண்ணீரோ ரசமோ ஊற்றிய பிறகுதான் நெருப்பு.

பரண்பூனை

தவலைவடை, இதற்குத்தான் இந்த இழையே. நான் இத்தனை நேரம் "வைப்பதா, விடுவதா" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஷூக்காரர், பட்டுக்காரர், நீங்கள் மூன்று பேரும் சொல்வது ஒன்றுதான்: எடுத்து வைப்பது என்பது காப்பாற்றுவது ஆகாது. மாமியாரிடம் இன்று இதைச் சொன்னேன். தூக்கைத் தினமும் பால் வாங்க எடுக்கலாமா என்று கேட்டேன். "நசுங்கிடப் போகுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்.

எவர்சில்வர் குடங்கள் மட்டும் இன்னும் மலையாக இருக்கின்றன. குழாயில் தண்ணீர் வருகிறது, குடத்துக்கு வேலை இல்லை. யாருக்குக் கொடுப்பது?

லாட்ஜ்தெரு

குடம் தெரியாது, ஆனால் சின்னப் பாத்திரம் இருந்தால் வழி சொல்கிறேன். சி.எம்.சி.க்கு மேற்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்கள் சிகிச்சை முடியும் வரை, சில குடும்பங்கள் மாசக்கணக்கில், பக்கத்துத் தெருக்களில் அறை எடுத்துத் தங்குகிறார்கள். ஓட்டல் சாப்பாடு கட்டுப்படியாகாது, நோயாளிக்கும் ஒத்துக்கொள்ளாது, தாங்களே சமைக்கிறார்கள். வரும்போது ஒரு பையோடுதான் வருவார்கள். இரண்டு குண்டான், ஒரு வாணலி, கரண்டி, நாலு தட்டு, போர்வை இவைதான் தேவை. என் அக்கா வீட்டில் வாடகைக்கு இருக்கும் குடும்பங்களுக்கு இப்படி ஒரு செட் வைத்திருக்கிறோம். அவர்கள் போகும்போது கழுவி வைத்துவிட்டுப் போவார்கள், அடுத்த குடும்பம் எடுத்துக்கொள்ளும். பேர் வெட்டியிருப்பது பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. மால்டாவிலிருந்து வந்த ஒரு பாட்டி, தட்டில் இருந்த தமிழ் எழுத்தைக் காட்டி இது யார் என்று கேட்டார், எங்கள் பெரியம்மா என்றோம். அதற்கப்புறம் தினமும் அந்தத் தட்டில்தான் சாப்பிட்டார்.

துணி கொடுப்பவர்கள் துவைத்து, பித்தான் தைத்துக் கொடுங்கள். கிழிசலைக் கொடுத்துவிட்டுப் புண்ணியம் தேடாதீர்கள்.

முள்ளுக்கத்திரி

இது நல்ல வேலை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு செட் தருகிறேன், பேர் எல்லாம் என் பாட்டியுடையதுதான். (சிரிக்காதீர்கள், அக்கா.)

காட்பாடி_கேசட்

கல்யாண வீடியோவுக்குப் பதில். கேசட்டை உடனே போட்டுப் பார்க்காதீர்கள். மூடியைத் தூக்கி, நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஓட்டும்போது அது கருவியின் ஹெட்டையும் கெடுக்கும், அடுத்த கேசட்டுக்கும் பரவும். மொட்டை மாடி அறையில் நம் ஊர் மே மாத வெயிலில் கிடந்த நாடா என்றால் அவசரம்தான். இந்தக் கருவியை உலகத்தில் கடைசியாகச் செய்துவந்த ஜப்பான் கம்பெனியே 2016இல் நிறுத்திவிட்டது. ஓடும் நிலையில் இருப்பவை ஒவ்வொன்றாகப் பழுதாகின்றன. பழைய கல்யாண வீடியோக்காரர்கள் சிலர் இன்னும் கணினியில் மாற்றித் தருகிறார்கள். மாற்றியதை இரண்டு இடத்தில் வையுங்கள், ஒரு பென் டிரைவை நம்பாதீர்கள்.

ஒட்டும் தாள் போட்ட ஆல்பத்தில் படம் இருந்தால், பிசின் மஞ்சளாகி ஒட்டிக்கொண்டிருக்கும். பிய்க்காதீர்கள். முதலில் அப்படியே மொபைலில் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துவிட்டு, பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலைப் பின்னால் மெதுவாகச் செலுத்திப் பிரிக்கலாம்.

பழைய டி.வி. அந்தக் காலத்துக் குண்டு டி.வி.தானே? காயலான் கடைக்காரர் செம்புக்காகக் கண்ணாடிக் குழாயை உடைப்பார். அந்தக் கண்ணாடியில் காரீயம் இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிப்படி, இது பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் போக வேண்டும். மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்களிடம், மின்கழிவு தனியாக எடுக்கும் நாள் எது என்று கேளுங்கள். குப்பைத் தொட்டி பக்கத்தில் இரவோடு இரவாக வைத்துவிட்டு வராதீர்கள்.

பரண்பூனை

பிரிக்காத பரிசுகளைப் பிரித்தாயிற்று. சுவர்க் கடிகாரம், சுவர்க் கடிகாரம், ராதா கிருஷ்ணர், சுவர்க் கடிகாரம். எல்லாம் அடுத்த கல்யாணங்களுக்குப் போகின்றன. யார் வைத்தது என்ற சீட்டை மட்டும் எடுத்துவிட்டேன், சுற்றி வந்து அவர்கள் வீட்டுக்கே போகாமல் இருந்தால் சரி.

மிச்சம் இருப்பது ஆட்டுக்கல். மாமியார், ஓரகத்தி, நான் மூன்று பேரும் வேண்டாம் என்று ஒருமனதாகச் சொன்ன ஒரே பொருள். கொத்திப் பல வருஷம் ஆகிறது, கல் நன்றாக இருக்கிறது. யாருக்காவது வேண்டுமா?

தவலைவடை

எனக்கு. தவலை வடைக்கு ரவை பதத்தில் அரைக்க மிக்சி ஆகாது. கொத்துகிறவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பரண்பூனை

உங்களுக்கே. இரண்டு ஆள் தூக்க முடியாது, சொல்லிவிடுகிறேன். வாசலில் மூன்று படி வேறு இருக்கிறது.

ஆம்பூர்_அடிப்பாகம்

ஞாயிற்றுக்கிழமை என் மச்சானின் டாட்டா ஏஸ் சத்துவாச்சாரிக்கு லோடு இறக்க வருகிறது. திரும்பி ஆம்பூர் போகும் வழிதானே கொணவட்டம், ஏற்றி வந்து இறக்கிவிடச் சொல்கிறேன். டீசலுக்கு ஒன்றும் வேண்டாம், வடை மட்டும் அனுப்பிவிடுங்கள்.

தவலைவடை

அக்கா, குழவியையும் சேர்த்து ஏற்றிவிடுங்கள். போன தடவை ஒருவர் கல்லை மட்டும் கொடுத்துவிட்டு, குழவி ஊரில் அண்ணன் பங்கில் இருக்கிறது என்றார்.